டையைக் கழட்டி வச்சிட்டுப் போ, மருமவனே!

மருமவனே, ஜெர்மனியில கொலோன் நகரத்துல வேலை கிடைச்சு பொண்டாட்டி பிள்ளையோட குடியேறிட்ட, சந்தோசம். வண்டியே வராத ரோட்டுலயும் சிவப்பு விளக்குக்கு மரியாதை குடுத்து நிக்கிற சனங்கன்னு பெருமை பேசுற. இன்னும் நீ அந்த ஊரு கார்னிவல் திருவிழாவைப் பாக்கல, அதான். அங்க மூத்தவன் வீட்டுக்குப் போயிருந்தப்ப ரெண்டு கண்ணாலயும் பாத்தவன் சொல்றேன், கேட்டுக்க.

நவம்பர் 11-ஆம் தேதி பகல் 11 மணி 11 நிமிசத்துக்கே கூத்துக்கு முகூர்த்தம் வச்சிருவான். கோட்டி பிடிக்கிறதுக்கும் நேரம் குறிக்கிற ஊரு அது! உச்சம் என்னமோ தவக்காலத்துக்கு முந்தின ஆறு நாள்தான்.

வியாழக்கிழமை பொம்பளைக ராச்சியம். பான் நகரத்துப் பக்கம் பாய்ல்ல துணி வெளுக்கிற பொம்பளைக, ஆம்பளைக மட்டுமா ஆடணும்னு 1824-லயே தனிச் சங்கம் வச்சவங்க. இப்பம் கையில கத்திரிக்கோலோட திரியிறாளுக. எவன் கழுத்துல டை தொங்குதோ, அது பாதிதான் மிஞ்சும். கல்யாணத்துக்கு மாமன் சீரா எடுத்துக் குடுத்ததைக் கட்டிட்டு ஆபீஸ் போயிராத. நட்டஈடா கன்னத்துல ஒரு முத்தம் கிடைக்கும்; வாங்கிக்க. வீட்டுல வந்து டை போன கதையை மட்டும் சொல்லு.

திங்கக்கிழமை பெரிய ஊர்வலம், 1823-ல தொடங்கினது. வண்டி மேல இருந்து ஏறத்தாழ 300 டன் மிட்டாயும் சாக்லேட்டும் வீசுவாங்க. பிள்ளைக கையில குடையைக் குடு. மழைக்கில்ல, கவுத்துப் பிடிக்க. தொண்டை கிழிய ‘அலாஃப்’னு கத்தணும். ‘ஹெலாவ்’ங்கிறது பங்காளி ஊரு டுசல்டோர்ஃப்காரன் கூப்பாடு. கொலோன்ல அதைச் சொன்னியோ, பங்காளி சண்டையில எதிரி வீட்டுத் திண்ணையில போய் உக்காந்த மாதிரி.

இளவரசன், சம்சாரி, கன்னின்னு மூணு பேரு ராச மரியாதையோட வருவாங்க. சம்சாரி தலையில மயிலிறகு, கைவசம் நகரத்துச் சாவி. வெள்ளாமை பாக்கிறவன் கையில சாவி குடுத்த ஊருக்குத்தான் என் ஓட்டு! கன்னியைப் பாத்து வாயைப் பிளந்திராத. பொன்னிறச் சடைக்குள்ள இருக்கிறது ஆம்பளை. 1938, 1939-ல மட்டும் நாஜிக பிடிவாதமாப் பொம்பளையை நிறுத்திப் பாத்தாங்க. அவங்க ஆட்சி போச்சு, ஆம்பளைக் கன்னி திரும்பி வந்துட்டா.

பீர் கிளாஸ் 200 மில்லிதானேன்னு ஏமாறாத. காலியாகக் காலியாக, கேக்காமலே அடுத்ததை வச்சிட்டுப் போவான். போதும்னா கிளாஸ் மேல அட்டையைப் போட்டு மூடு.

செவ்வாய் ராத்திரி, பீர் கடை வாசல்ல தொங்குற நுபெல்ங்கிற வைக்கோல் பொம்மையை இறக்கி, குடிச்சது, கூத்தடிச்சது, காசைக் கரைச்சது எல்லாப் பழியையும் அது தலையில போட்டுக் கொளுத்திருவாங்க. விடிஞ்சா சாம்பல் புதன். நெத்தியில சாம்பல், தட்டுல மீன்.

நீயும் குடும்பத்தோட போய் நல்லா ஆடு மருமவனே. நுபெல் உன் பாவத்தைச் சுமக்கும். கடை பாக்கியை நீதான் கட்டணும்.