ஒண்ணும் ஆவாது அண்ணாச்சி

கார் முன்கண்ணாடியில் மிளகளவு கல்லடி பட்டால் போதும். நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம், எங்கள் ஊரில் கண்ணாடி விரிசல் ஒட்டுகிறவருக்குத் தெரிந்துவிடும். ஜல்லி லாரிகள் ஓடுகிற ரோட்டில் அவருக்கு வேலைப் பஞ்சம் கிடையாது. காலையில் அப்பளக் கட்டு ஏற்றிப் போன அதே எக்ஸெல் வண்டியில், மாலையில் ஒரு பையை மாட்டிக்கொண்டு உங்கள் வாசலில் நிற்பார்.

பைக்குள் குட்டி டிரில், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கப், ஒரு சின்ன பாட்டில் ரெசின், நீல வெளிச்சம் அடிக்கிற லைட். அவருடைய முதலீடு அவ்வளவே. பிளக் பாயிண்ட், எக்ஸ்டென்ஷன் வயர், பழைய வேட்டித் துணி, காபி எல்லாம் நம் பொறுப்பு. குடையும்தான். வெயில் பட்டால் ரெசின் விரிசலுக்குள் இறங்கும் முன்பே இறுகிவிடுமாம். அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் நாம்தான்.

"டிரில் போடும்போது கண்ணாடி தெறிச்சிராதே?" என்று கேட்டுவிட்டால் போச்சு.

"ஒண்ணும் ஆவாது அண்ணாச்சி, நான் பொறுப்பு."

இந்த ஊரில் அவர் பொறுப்பேற்காத விஷயம் இல்லை. செங்கோட்டை ரயில் நேரத்துக்கு வருமா? அவர் பொறுப்பு. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் எப்போது விடுவார்கள் என்று நீர்வளத் துறையே யோசித்துக்கொண்டிருக்கும்போது, டீக்கடையில் ஒரு விவசாயியிடம் தேதி சொல்லிப் பொறுப்பேற்றுக்கொண்டிருப்பார். மாப்பிள்ளை குடிப்பானா என்று பெண்ணைப் பெற்றவர் விசாரிக்க வந்தால், பையனைப் பார்த்ததே இல்லை என்றாலும், "நல்ல பய. நான் பொறுப்பு." கல்யாண வீட்டில் சாம்பார் தீர்ந்தபோதும் அதையே சொன்னார். பொறுப்பு வந்தது, சாம்பார் வரவில்லை.

எங்கள் கார் கண்ணாடியில் டிரில் வைத்த இரண்டாம் நிமிஷம் 'டிக்' என்று ஒரு சத்தம். மிளகளவு இருந்தது ஒரு சாண் ஓடியது. நான் குடையோடு நிற்கிறேன்.

"நாம பாத்துக்கிடுவோம் அண்ணாச்சி" என்றார். கொஞ்சம் கழித்து, "கம்பெனிக் கண்ணாடியே இப்பல்லாம் இப்படித்தான் வருது." லைட்டைப் பைக்குள் வைக்கும்போது, "நீங்க இன்சூரன்ஸ் போட்டிருப்பியல்லா?"

போட்டிருக்கிறேன். க்ளெய்ம் போட்டால் நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும். ஐந்து வருஷம் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டினால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் வரை கழிவு தருகிற சமாச்சாரம் அது. அதைக் காப்பாற்றத்தானே அவரைக் கூப்பிட்டது!

"உங்ககிட்ட இன்சூரன்ஸ் இல்லையா?" என்றேன். எக்ஸெல் வண்டியின் சீட்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கவரில் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். 2022-இல் அரசு நிர்ணயித்த கணக்குப்படி 714 ரூபாயும் வரியும் கட்டிய பாலிசி. "தேர்ட் பார்ட்டின்னு போட்டிருக்குல்லா? அது நீங்கதான்."

முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே நம்புகிறார். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் அந்த பாலிசியைக் கட்டாயமாக்கியது வண்டியால் பிறருக்கு வரும் சேதத்துக்கு. எக்ஸெல் வந்து என் கார்மேல் மோதியிருந்தால் கேட்டு வாங்கலாம். மோதியது டிரில்.

பேங்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிற பிரதமர் விபத்துக் காப்பீடும் அவருக்கு உண்டு. அவர் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் வரும். அவர் நன்றாக இருக்கட்டும், கண்ணாடிதான் போய்விட்டது.

சிரிப்பை விட்டுவிட்டுச் சொல்கிறேன். ஆலைக்கும் ஓட்டலுக்கும் பொறுப்புக் காப்பீடு விற்கக் கம்பெனிகள் இருக்கின்றன. வாரத்தில் நாலு கண்ணாடி ஒட்டுகிற பகுதிநேரக்காரரின் வாசலுக்கு வருகிற ஏஜென்ட், மணிபேக் பாலிசியைத்தான் நீட்டுகிறார். வாகனப் பழுது பார்க்கும் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் நல வாரியமே இருக்கிறது. அதில் பதிந்தவருக்கு விபத்து உதவி உண்டு, பிள்ளை படிப்புக்கு உதவி உண்டு. அவர் கையால் அடுத்தவன் பொருள் உடைந்தால்? ஒரு கண்ணாடிக்கு அவர் வாங்குவது சில நூறு, புதுக் கண்ணாடி பல ஆயிரம். வாயால் பொறுப்பேற்பதைத் தவிர அந்த மனிதர் வேறென்ன செய்வார்? வாரியமும் அரசுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் உட்கார்ந்து பேசினால், பைக் பாலிசி விலையில் ஒரு பொறுப்பு பாலிசி கொண்டுவர முடியாதா?

மறுநாள் காலை ஒரு கட்டு அப்பளத்தோடு வந்தார். காசு வாங்கவில்லை. அப்பளம் ஒன்றுகூட உடையாமல் இருந்தது.

அந்தப் பொறுப்பு பாலிசி வரும்வரை ஒன்று செய்யுங்கள். டிரில்லை எடுக்கும் முன் கண்ணாடியை மொபைலில் படம் எடுத்துவிடுங்கள். அவரும் சிரித்துக்கொண்டே வந்து நிற்பார். கொஞ்சம் நகரச் சொல்லுங்கள், விரிசலை மறைத்துவிடுவார்.