வைக்கோல் காவலர்

தனியார் காவல் ஏஜென்சிகளுக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தை எத்தனை பாராட்டினாலும் தகும். ஒரு மாவட்டத்துக்கு உரிமக் கட்டணம் 5,000 ரூபாய், ஐந்து வரை 10,000, மாநிலம் முழுக்க 25,000. உரிமமே இல்லாமல் நடத்தினால்? ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 வரை அபராதம், அல்லது இரண்டும். யாருக்கும் வஞ்சனை இல்லாத கணக்கு.

காவலாளிக்கும் அளவு உண்டு. 2006 மாதிரி விதிகளின்படி மார்பு 80 செ.மீ.; மூச்சை இழுத்தால் இன்னும் 4 செ.மீ. விரிய வேண்டியிருந்தது. 6 நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடவும் வேண்டியிருந்தது. பின்னே? ஏடிஎம் வாசலில், கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில், கொசுவர்த்திப் புகையில் விடிய விடிய உட்காருவது லேசுப்பட்ட காரியமா!

என் கவலையெல்லாம் பூதலூர் வயல்கள்தான். சம்பா முடியும்வரை இரவு பகலாக நிற்கிறாரே வைக்கோல் பொம்மை, அவருக்கு உரிமம் ஏது? யாரோ கழற்றிப்போட்ட போலீஸ் காக்கி வேறு. அது தனிக் குற்றம். உள்ளே போனால் முதலாளியும் கூடவே போகவேண்டும்.

டேப்பை வைத்து அளந்தோம். மார்பு சரியாக 80. விரியத்தான் மாட்டேன் என்றது. தை மாதத்து மழையில் இரண்டு நாள் ஊறியதும் 84! தேர்ச்சிதான் என்று துள்ளினோம். கொள்முதல் நிலையத்துக்காரர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஈரப்பதம் 17-க்கு மேல இருக்கும் போலிருக்கே தம்பி, காயவெச்சு எடுத்துட்டு வாங்க."