முறிகண்டி வழியே குறுக்குப்பாதை: பயணத்தின் கடைசி இரண்டு நாட்கள் பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

உற்ற நண்பனோடு மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றப் போனால் முதல் மூன்று நாட்கள் பறந்துவிடும். நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் அசையவே மாட்டா. வண்டி அதே வண்டி, ஏ9 அதே ஏ9. ஆனால் போகும்போது 60இல் நின்ற முள், வரும்போது 35க்கு மேலே ஏறுவதில்லை. போகும்போது கண்ணில் படாத தேத்தண்ணிக் கடைகள், வரும்போது மைலுக்கு ஒன்றாக முளைத்து நிற்கின்றன. பயணம் எழுதுவோர் புறப்பாட்டுக்குப் பத்துப் பக்கமும் வீடு திரும்பியதற்கு ஒரு வரியும் ஒதுக்குவது வழக்கம். அறிவுலகின் அந்தக் குறையைப் போக்க இக்கட்டுரை முற்படுகிறது.

2. களமும் கருவிகளும்

வவுனியாவில் தொடங்கி யாழ்ப்பாணம் போய், பரந்தனால் திரும்பி, முல்லைத்தீவு கண்டு, மறுபடி வவுனியா. காலம் ஆனி மாதம். கருவிகள்: மோட்டார் சைக்கிள் 1, ஹெல்மெற் 2, சிப் பூட்டாத பை 1. முன்னால் இருந்து ஓட்டியவர் முதன்மை ஆய்வாளர், அது நான். பின்னால் இருந்து வழி சொன்னவர் இணை ஆய்வாளர். இருவருக்கும் ஆறாம் வகுப்பில் இருந்து பழக்கம். ஆகவே நடுநிலைமை எதிர்பார்க்க வேண்டாம்.

3. துறையின் வரலாறு

வன்னித் தெருக்களில் தாமதம் புதிதன்று. தானாக விரும்பித் தாமதிப்பதுதான் புதிது. தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை. நாலு சொட்டுப் பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓடினார்கள். 2002 ஏப்ரலில் ஏ9 திறந்தபோது ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கிப் பொதிகளை அவிழ்த்துக் காட்டினார்கள். 2006 ஓகஸ்ற்றில் தெருவே மூடிக்கொண்டது. எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதையெல்லாம் வேறு யாரோ தீர்மானித்த காலம் அது. பிறகு 2022இல் கியூஆர் அட்டை வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்தது. கடல்நீரில் விளக்கெரியும் வற்றாப்பளை அம்மன் பக்கத்திலேயே இருந்தும், வண்டியைக் கடல்நீரில் ஓட்டும் வித்தை எங்களுக்கு வாய்க்கவில்லை. காரணமில்லாமல் நிற்பது, காரணமில்லாமல் சுற்றுவது இரண்டும் எங்கள் ஊரில் மிக இளைய கலைகள்.

4. முக்கோணத் தேற்றம்

நாலாம் நாள் மத்தியானமே முல்லைத்தீவை விட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு. கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். "வலை கரைக்கு வரட்டும் மச்சான், பாத்திட்டுப் போவம்" என்றார் இணை ஆய்வாளர். கரைவலை ஒன்று கரைசேர மணிக்கணக்கில் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அன்றிரவு அங்கேயே தங்கினோம்.

ஐந்தாம் நாள் காலையில்தான் தேற்றம் வெளிப்பட்டது. முல்லைத்தீவில் இருந்து மாங்குளத்துக்கு ஏ34 நேரே போகிறது. ஒட்டுசுட்டான் ஊடாக ஏறத்தாழ 50 கிலோமீற்றர். மாறாக, ஏ35ஐப் பிடித்துப் புதுக்குடியிருப்பு, விசுவமடு கடந்து பரந்தனுக்குப் போனால் அதுவே 50 வந்துவிடும். அதன்பின் ஏ9இல் தெற்கே இறங்கி மாங்குளம் சேர இன்னும் 40. முக்கோணத்தின் இரு பக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாம் பக்கத்திலும் பெரிது என்பதைப் பள்ளிக்கூடத்தில் நிறுவியிருக்கிறோம். இணை ஆய்வாளர் கணிதத்தில் 'டி' எடுத்தவர்.

"பரந்தனால போவம்" என்றார்.

"ஏன்ரா?"

"முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வேணும்."

"போகேக்க உடைச்சம்தானே?"

"அது போறதுக்கு. வாறதுக்கு ஒண்டு உடைக்க வேண்டாமே?"

ஒட்டுசுட்டான் வழியில் தான்தோன்றீஸ்வரர் இருக்கிறார், அவருக்கு உடைக்கலாம் என்றேன். 1803இல் பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்ட கற்சிலைமடுவும் அந்தப் பக்கம்தான் என்றேன். "பண்டாரவன்னியன் கோவிக்கமாட்டார், பிள்ளையார் கோவிப்பார்" என்று வாதம் முடிந்தது. இணை ஆய்வாளர் கோயில் வாசல் மிதிப்பது வருடத்தில் ஒரு தடவை என்பதையும், நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை என்பதையும் வாசகர் குறித்துக்கொள்ளவும்.

வட்டுவாகல் பாலம் கடந்தால் முள்ளிவாய்க்கால். அந்தச் சில கிலோமீற்றருக்குக் குறிப்பேடு மூடியிருந்தது. அங்கே நாங்கள் பேசாமல் இருந்தது இந்த ஆய்வின் கணக்கில் சேராது.

5. தாமதங்களின் வகைப்பாடு: நான்கு ககரங்கள்

*கால்நடை.* விசுவமடுப் பக்கம் மாடுகள் தெருவின் நடுவே படுத்திருந்தன. கோர்ண் அடித்தால் எழும்பும். அடிக்கவில்லை.

*காற்று.* ஆனியில் சோளகம் வீசும். பரந்தனில் தெற்கே திரும்பியதும் முகத்தில் அடித்தது. வண்டி மெதுவாகப் போனதற்கு நூறு சதவீதம் இயற்கையான காரணம் இது ஒன்றுதான். இதை நாங்கள் இருபது தடவை சொல்லிக்கொண்டோம்.

*கடவுள்.* முறிகண்டியில் தேங்காய் ஒரே அடியில் சரிபாதியாகப் பிளந்தது. நல்ல சகுனம் என்றால் உடனே கிளம்பியிருக்க வேண்டும். இணை ஆய்வாளர் கைகால் கழுவி, திருநீறு பூசி, அரச ஊழியர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் நிதானத்தோடு கும்பிட்டார்.

*கச்சான்.* கும்பிட்டவர் கச்சான் வாங்காமல் முறிகண்டியை விட்டுப் போவது மரபன்று. சரையில் சுருட்டிய சுடு கச்சானை ஓடிக்கொண்டே உடைக்க முடியாது, நிற்கவேண்டும். ஒரு சரைக்குக் கால் மணித்தியாலம். மூன்று சரை வாங்கினார்.

6. திணை ஆராய்ச்சி

தொல்காப்பிய மரபில் பிரிவுக்குரிய திணை பாலை. பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். இலக்கியத்துப் பாலை வறண்டு வெடித்த சுரம். வன்னிப் பாலையோ அடர்காட்டில் நிற்கும் வைரம் பாய்ந்த மரம், வேனிலில்தான் பழுக்கும். முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் நடுவே, சரியாக நண்பகலில், தெருவோரத்தில் ஓர் அம்மா பாலைப்பழத்தைப் பேணியால் அளந்து விற்றுக்கொண்டிருந்தா. முதல், கரு, உரி மூன்றும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய ஓர் இடத்தில் நிற்காமல் போவது தமிழுக்குச் செய்யும் துரோகம். நின்றோம். இரண்டு பேணி.

பாலைப்பழத்தை அறியாதவர்க்கு: விரல் நுனியளவு, மஞ்சள் நிறம், தேனாக இனிக்கும். நாலைந்து தின்றதும் பால் உதட்டில் பிசினாய்ப் பிடித்துக்கொள்ளும். வாயைத் திறந்தால் மேலுதடும் கீழுதடும் ஒன்றையொன்று இழுக்கும். நாங்கள் தின்றது நாலைந்தல்ல.

மாங்குளத்தில் இருந்து வவுனியா வரை ஏறத்தாழ 40 கிலோமீற்றர். கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை. இருவரும் ஒரு சொல் பேசவில்லை. ஓமந்தையில் யாரும் மறிக்கவில்லை. ஆனாலும் வண்டி தானாக மெதுவாகி, பிறகு போனது.

7. விளக்கமும் முடிவும்

அந்த மௌனத்துக்கு இரண்டு விளக்கங்கள் சாத்தியம். ஒன்று, பயணம் முடியப்போகிறது, நாளைக்கு அவரவர் வேலை என்ற எண்ணம். மற்றது, பாலைப்பால். அறிவியல் எளிய விளக்கத்தையே விரும்பும்; ஆகவே பால்தான் காரணம் என்று வழியெல்லாம் எண்ணியிருந்தேன்.

இணை ஆய்வாளர் வீட்டுப் படலையில் வண்டியை நிறுத்தினேன். அவர் இறங்கினார். பையை எடுத்தார், திரும்பவும் வண்டியில் வைத்தார். மீதிப் பழத்தை இரண்டாகப் பங்கிட்டோம். அவருடைய அம்மா வெளியே வந்து எங்கள் இருவரின் வாயையும் பார்த்தா.

"பாலைப்பழம் திண்டு வாய் ஒட்டிப் போச்சோ? கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசினா விட்டிடும். கொண்டுவரட்டே?"

இருவரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினோம், வேண்டாமென்று.