இரண்டாம் பாகம் வந்த வழி

திருப்புலிவனத்துக்காரர்களிடம் அசகாய சூரர்களைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். ஊர்ப் பெயரிலேயே ஒருவர் இருக்கிறார். வண்டு வாய் வைப்பதற்கு முன்பே பூப்பறித்துப் பூசை செய்ய வேண்டும், இருட்டில் மரமேறினால் வழுக்கவும் கூடாது என்று ஈசனிடம் புலியின் காலையும் நகத்தையும் கேட்டு வாங்கிய வியாக்ரபாதர். அவர் கும்பிட்ட சாமி இங்கே வியாக்ரபுரீஸ்வரர். முனிவருக்கு இரண்டாம் பாகமும் உண்டு. மகன் உபமன்யு பாலுக்கு அழுதான். சிவன் பாற்கடலையே அனுப்பிவைத்தார். திருப்பல்லாண்டில் சேந்தனார் இதைப் பாடியிருக்கிறார். கேட்டது ஒரு டம்ளர், வந்தது ஒரு கடல்.

அப்பேர்ப்பட்ட ஊருக்கு 2019 கோடை விடுமுறையில், நியூஜெர்சி மச்சானின் பெட்டியில், தைல பாட்டிலுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே வந்து இறங்கியது ‘இன்கிரெடிபிள்ஸ் 2’ டிவிடி. பெட்டி திறக்கப்பட்ட வீட்டின் சொந்தக்காரர்தான் இந்தக் கட்டுரையை எழுதுபவரும். பட்ட அவமானங்களைத் தன் வாயாலேயே சொல்லக் கூச்சப்படுவதால், அவர் ‘வீட்டுக்காரர்’ என்றே போகட்டும்.

முதல் பாகத்தை வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்பே பார்த்துவிட்டார். பிராட் பேர்ட் இயக்கிய அந்தப் படம் அமெரிக்காவில் 2004 நவம்பரில் வந்தது. சூரத்தனம் செய்வதே சட்டவிரோதம் என்று அரசாங்கம் அறிவித்துவிட, சூரர்கள் எல்லாம் பெயரை மாற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போவதுதான் கதை. அதே 2004-ல் தமிழ்நாட்டில் திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதன்பிறகு அவர்களும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அது விசிடி காலம். ஒரு தட்டில் 74 நிமிடம்தான் ஏறும். படமோ 115 நிமிடம். ஆகவே பாதியில் எழுந்து இரண்டாவது தட்டைப் போட வேண்டும். அந்தக் கணக்கில், திருப்புலிவனம் இருக்கும் உத்திரமேரூர் வட்டாரத்துக்கு எல்லாப் படமும் இரண்டு பாகம்தான். இரண்டாம் தட்டு கீறல் விழுந்திருந்தால் வில்லன் தப்பித்துக்கொள்வான்.

பிறகு காட்சிகள் வேகமாக ஓடின. 2006-ல் இலவசக் கலர் டிவித் திட்டம் வந்தது. வீட்டுக்கு வீடு 14 அங்குலப் பெட்டி. அடுத்த வருஷமே மோசர் பேர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்க, வாடகைக்கு எடுத்தவர்கள் எல்லாம் வாங்கி அடுக்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரரும் டிவிடி பிளேயர் வாங்கினார். தெருவில் எல்லோரும் ஊர் பேர் தெரியாத பிளேயரை மலிவாக வாங்கியபோது, இவர் மட்டும் கூடுதலாகக் கொடுத்து நல்ல கம்பெனிப் பொருளாகப் பார்த்து வாங்கினார். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

இரண்டாம் பாகம் வந்து சேர 14 வருஷம் ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், படத்துக்குள் ஒரு நிமிடம்கூடக் கழியவில்லை. முதல் பாகம் முடிந்த அதே இடத்தில், சுரங்கம் தோண்டிக்கொண்டு வருகிற அதே வில்லனோடு தொடங்குகிறது. சூரர் குடும்பத்தின் கைக்குழந்தை கைக்குழந்தையாகவே இருக்கிறது. வீட்டுக்காரருக்கு மட்டும் இடையில் கல்யாணம், தொப்பை, ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு மகன்.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு இடைவெளிச் சட்டம் புதிதல்ல. பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டே சொல்கிறது: வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூன்று வருஷம் குடவோலையில் பெயர் போடக் கூடாது, கணக்குக் காட்டாதவர் போடவே கூடாது. படத்தை எடுத்த பிக்சார் நிறுவனம் 14 வருஷம் பொறுத்ததோடு கணக்கும் காட்டிவிட்டது. உலக வசூல் 120 கோடி டாலருக்கு மேல்.

அமெரிக்காவில் 2018 நவம்பர் 6-ல் டிவிடியும் ப்ளூ-ரேயும் கடைக்கு வந்தன. அதற்குச் சில வாரங்கள் முன்பு, செப்டம்பரில்தான், அந்த 28 ரூபாய் மோசர் பேரைக் கலைத்து விற்கச் சொல்லி கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டிருந்தது. மச்சான் கொண்டுவந்தது, கருமாதி முடிந்த வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகை.

குடும்பமே பாய் விரித்து உட்கார்ந்தது. பரணிலிருந்து பிளேயர் இறங்கியது, தூசி தட்டப்பட்டது, தட்டு உள்ளே போனது. திரையில் படம் வரவில்லை; ‘தவறான மண்டலம்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

டிவிடிக்காரர்கள் உலகத்தைத் துண்டு போட்டு வைத்திருக்கிறார்கள். அமெரிக்கா முதல் மண்டலம், இந்தியா ஐந்தாம் மண்டலம். அங்கே விற்ற தட்டு இங்கே ஓடக் கூடாதாம். மலிவான பிளேயர்கள் இந்தச் சட்டத்தை மதிப்பதே இல்லை. எதைப் போட்டாலும் பாடும். காசு கொடுத்து வாங்கிய கண்ணியமான பிளேயர்தான் கறாராக விசா கேட்கும்.

“நல்ல கம்பெனின்னு அன்னிக்கே சொன்னீங்களே” என்றார் மனைவி. வேறெதுவும் சொல்லவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியின் பழைய லேப்டாப்பில் தட்டு போடும் வசதி இருந்தது. மண்டலத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று அது பணிவாகக் கேட்டது. அவள்தான் தயங்கினாள். “அஞ்சு தடவைதான் மாத்த முடியும்ணா. அப்புறம் அப்படியே பூட்டிக்கும். அதுல ஒண்ண கார்ட்டூனுக்கா செலவு பண்றது?” நியாயமான கேள்விதான். மகனின் முகத்தைப் பார்த்து ஒன்றைத் தானம் செய்தாள். திரும்ப ஐந்தாம் மண்டலத்துக்கு வர இன்னொன்று போய்விடும் என்பதை யாரும் அவளுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

தட்டில் தமிழ் இல்லை. ஆயாவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. கால்மணி நேரத்தில் கதையைச் சொல்லிவிட்டார்: “பொண்டாட்டி வேலைக்குப் போய்ட்டா. இவன் புள்ளைங்கள வெச்சிக்கினு அல்லாடறான்.” பல விமரிசகர்கள் ஒரு பக்கத்துக்கு எழுதியது இதைத்தான்.

அல்லாடல்களில் வீட்டுக்காரரின் நெஞ்சைத் தொட்டது கணக்குப் பாடக் காட்சி. மகனுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்கிற மாவீரர், தான் படித்த கணக்கு இது இல்லை என்று திணறி, ராத்திரி கண்விழித்துப் படிக்கிறார். அந்தப் படம் தியேட்டருக்கு வந்த 2018 ஜூனில்தான் தமிழ்நாட்டில் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதுப் புத்தகம் வந்தது, பக்கத்துக்குப் பக்கம் கட்டம் போட்ட க்யூஆர் கோடுடன். வீட்டுக்காரர் ஒரு வருஷமாக அந்தக் கட்டத்தைப் பார்த்து மிரண்டுகொண்டிருந்தார். ரயிலைத் தூக்கி நிறுத்துகிறவருக்கே இந்தக் கதி என்று தெரிந்ததில் அவருக்கு அப்படியொரு ஆறுதல்.

வில்லன் டிவித் திரை வழியாக ஜனங்களை மயக்கி அடிமையாக்குகிற ஆசாமி. 14 அங்குல லேப்டாப்பை ஏழு பேர் இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்ததால், வில்லன் சொல்வதில் என்ன தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை.

கைக்குழந்தைக்குப் பதினேழு சக்திகளாம். எரிகிறது, மறைகிறது, சுவருக்குள் புகுந்து வெளியே வருகிறது. கொல்லைப்புறத்தில் ஒரு ரக்கூனைப் போட்டுப் புரட்டி எடுக்கிறது. “சுத்திப் போடச் சொல்லு. கண்ணு பட்ருக்கும்” என்றார் ஆயா. முதல் படத்தின் டிவிடியில், அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பெண் பட்ட பாடு ஒரு குறும்படமாக இருந்தது. இரண்டாவதன் டிஸ்க் வெளியீட்டிலும் ஒரு குறும்படம். இம்முறை தையல்கார எட்னா அத்தை ஒரு ராத்திரி பார்த்துக்கொள்கிறார். தியேட்டரில் சண்டை, வீட்டுத் தட்டில் பிள்ளை வளர்ப்பு என்று ஏதோ கணக்கு வைத்திருக்கிறார்கள். உபமன்யுவை அந்தப் பாற்கடல் ராத்திரி யார் பார்த்துக்கொண்டார்கள் என்று யாரும் பாடிவைக்கவில்லை.

2024-ல் மூன்றாம் பாகத்தை அறிவித்தார்கள். அதைக் கேள்விப்பட்டு மகன் பழைய தட்டைத் தேடினான். அலமாரியில் இல்லை. கொல்லைக் கொய்யா மரத்தில், அணிலை விரட்டவென்று ஆயா நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வெயிலில் ஏழு வண்ணத்தில் சுழன்றுகொண்டிருந்தது. அணில் ஒன்று பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து, கொய்யாவைக் கடித்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு மண்டலப் பிரச்சினை எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.