சிக்னல் மகாத்மியம்

ஆங்கிலேயர் விட்டுச் சென்ற சொற்களுள், கிளப்புகூட நிறம் மங்கிப்போய்விட்ட இக்காலத்தில், இன்னும் யௌவனம் குன்றாமல், தலைமுறைக்கொரு புது அர்த்தத்தைப் பூண்டுகொண்டு, பண்டிதர் முதல் பால்காரர் வரை சகலருடைய நாவிலும் நர்த்தனம் புரிவது 'சிக்னல்' என்பது என் அபிப்பிராயம். 'சமிக்ஞை' என்று கம்பீரமான பதமொன்று நம்மிடம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால், ஆட்டோக்காரரிடம் "சமிக்ஞையருகே நிறுத்துங்கள்" என்று சொல்பவர், வெளியூர் ஆசாமி என்று தீர்மானிக்கப்பட்டு, அதற்குரிய கட்டணத்தைச் செலுத்த நேரிடும்.

1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடிய பிற்பாடு, தண்டவாளம் சென்ற ஊர்களிலெல்லாம் முளைத்த சிக்னல் கம்பத்துக்கு நம் கிராமத்தார் 'கைகாட்டி' என்று நாமகரணம் செய்தார்கள். கை நேராக நீண்டிருந்தால் வண்டி நிற்க வேண்டும். சாய்ந்து இறங்கினால் வரலாம். "கை இறங்கிடுச்சு" என்று ஒருவர் உச்சரித்த மாத்திரத்தில், பிளாட்பாரத்திலுள்ள கூஜாக்களும் கூடைகளும் குழந்தைகளும் ஏககாலத்தில் எழுந்து நிற்கும். அதைவிட விசேஷம், கேபினிலிருந்து அதை இயக்கும் கம்பி எங்கேனும் அறுந்துபோனால், எதிர்ப்பாரத்தின் பலத்தால் கை தானாகவே உயர்ந்து 'நில்' என்று சொல்லிவிடும். சந்தேகம் வந்தால் நிற்பதென்ற இந்த விவேகம் மனிதர்களுக்கு வாய்க்கவில்லை.

வீதிக்கு இந்த யந்திரத்தைக் கொண்டுவந்தவரும் ஒரு ரயில்வே என்ஜினியர்தாம். 1868 டிசம்பரில், லண்டன் பார்லிமெண்டு வாசலில், ஜே. பி. நைட் என்பவர் கைகளும் காஸ் விளக்குகளும் கொண்ட கம்பமொன்றை நாட்டினார். மறுமாதமே அது வெடித்து, இயக்கிய போலீஸ்காரரைக் காயப்படுத்திற்று. சிக்னலால் அவஸ்தைப்படுவது போலீஸ்காரரே என்ற சம்பிரதாயம் அன்று தொடங்கியது போலும்.

சென்னைவாசிக்கோ சிக்னல் என்பது விளக்கன்று, ஸ்தலம். விளக்கு அணைந்து, மேம்பாலம் எழும்பி, கம்பமே பிடுங்கப்பட்ட பின்னும், "சிக்னல்ல இறங்கிக்கிறேன்" என்பார். நடத்துனரும் மறுபேச்சின்றி விசிலடிப்பார். திட்டத்துக்கு மந்திரி தருவதும், கதாநாயகி கடைக்கண்ணால் தருவதும் இதே சொல்தான்; இரண்டும் பெரும்பாலும் தவறாகவே அர்த்தம் செய்துகொள்ளப்படுகின்றன.

கைப்பேசி வந்தபின்னரோ, சிக்னல் அனுக்கிரகமாகிவிட்டது. தேடுகிறவனுக்கு மொட்டைமாடியின் ஈசான மூலையில் மட்டும் தரிசனமளிப்பதும், கைமாற்றாக வாங்கிய பணத்தை நினைவூட்டும் நண்பரிடம் பேசுகையில், "ஹலோ... ஹலோ... விட்டு விட்டுக் கேக்குது" என்னும் திவ்ய மந்திரத்துக்குக் கட்டுப்பட்டு உடனே மறைந்தருள்வதும் அதன் லீலைகள்.

கேபின்மேனாக இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பாவுக்கு இவையொன்றும் சம்மதமில்லை. சென்ற வாரம், சிக்னல் இல்லையென்று புலம்பியவாறு மாடிக்கும் வாசலுக்குமாகப் பாய்ந்துகொண்டிருந்த பேரனைத் திண்ணையிலிருந்து வெகுநேரம் உற்றுநோக்கிவிட்டு, உத்தியோகக் குரலில் அதட்டினார்:

"சிக்னல் இல்லேன்னா நிக்கணும்டா! ஏன் இந்த ஓட்டம் ஓடறே?"