கீசர் முனகுகிறது

சென்னைப் புறநகரின் போர் தண்ணீரைக் குடித்து வளரும் கீசர் திடீரென்று உயிரை விடாது. மாதக்கணக்கில் முனகும், பிறகு உள்ளே ஏதோ பொரிவதுபோல் சத்தம் போடும். வீட்டார் அதற்கும் பழகி, சத்தம் கேட்டால்தான் வெந்நீர் தயார் என்று நம்பத் தொடங்கிவிடுவார்கள்.

சூடேற்றும் காயில்மேல் படிந்த உப்புக்குள் மாட்டிய நீர் கொதிக்கும் ஓசை அது. படிவம் தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாது. காயில் தன் சூட்டிலேயே வெந்து வெடிக்கும், மின்சாரம் கசியும், கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழும். உயிரைக் காத்த அந்தச் சுவிட்சுக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை: "அடிக்கடி விழுது, அதைக் கழட்டி விட்டுடுப்பா."

தொட்டி துருப்பிடிக்காமலிருக்கத் தானே கரைந்துபோகும் மெக்னீசியம் கம்பி ஒன்றும் உள்ளே உண்டு. பெரும்பாலான வீடுகளில் அதன் தியாகம் யாருக்கும் தெரியாமலே முடிந்துவிடும்.

சேஃப்டி வால்வு சொட்டினால் அடைப்பு வைப்பவர்கள் தனி ரகம். அழுத்தம் வெளியேற வழியில்லாத தொட்டியைத் தலைக்குமேல் தொங்கவிட்டு, கண்மூடி சோப்புப் போட அசாத்திய இறைநம்பிக்கை வேண்டும்.

கடைசியில் மெக்கானிக் வந்து காயிலைக் கழற்றுவார். வெள்ளைச் சில்லு பக்கெட்டில் கொட்டும்.

"வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் பண்ணணும் சார்."

ஆர்.ஓ. மெஷினுக்குத் தவறாமல் ஏ.எம்.சி. கட்டும் வீட்டுக்காரர் நிமிர்வார்.

"எதுக்குப்பா? இந்தத் தண்ணில குளிக்கத்தானே செய்றோம், குடிக்கவா போறோம்?"