மின்சார வித்வானுக்கு ஒரு ரசிகர் கடிதம்

பெறுநர்: உதவிப் பொறியாளர் அவர்கள், எங்கள் பகுதி மின்சார அலுவலகம்.

பொருள்: என் வீட்டுக் கச்சேரிகளில் தாங்கள் உடன் பாடி வருவது – பாராட்டும் விண்ணப்பமும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பாட்டு எதுவும் போடாத நேரத்திலும் என் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இதைக் கோளாறு என்பவர்கள் சங்கீதம் தெரியாதவர்கள். தாங்கள் அனுப்பும் 50 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய ஐந்து கட்டை. அதன் இரட்டையான 100 ஹெர்ட்ஸும் அதே கட்டைதான், ஒரு ஸ்தாயி மேலே. நம் பாடகிகள் பலர் பாடுகிற சுருதி. ஐந்துக்குக் கொஞ்சம் ஏறி நிற்பதால் தம்பூராவோடு உரசுகிறது, அவ்வளவே. 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்று தேசிய மின்தொகுப்பே விதி வைத்துக் காக்கும் சுருதி அது. அதில் தங்களை யாரும் குறை சொல்ல முடியாது.

வோல்டேஜில்தான் தங்கள் கற்பனை எல்லை மீறுகிறது. வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று ‘இந்திய மின்சார விதிகள், 1956’-இல் எழுதி வைத்தார்கள். 230-க்கு, 216 முதல் 244 வரை. என் பிளக்கில் செருகியிருக்கும் குட்டி மீட்டரோ, தெருவே மோட்டார் போடும் மாலை ஏழு மணிக்கு 184 காட்டுகிறது. ஊர் அடங்கிய பிறகு 256. இவ்வளவு நீண்ட ஆரோகணம் எந்த ராகத்திலும் இல்லை.

புகார் சொன்னபோது லைன்மேன் அண்ணன், “ஃபேஸ் மாத்திப் போட்டுக்குங்க சார்” என்றார். மாற்றிப் போட்டேன். அவர் பக்கத்து வீட்டுக்கும் அதையே சொல்லியிருக்கிறார். இப்போது இரண்டு வீடும் ஒற்றுமையாக மங்குகிறோம்.

எனவே பவர் கண்டிஷனர் வாங்கக் கடைக்குப் போனேன். நீல வெளிச்சம், தங்க முலாம் பூசிய சாக்கெட். விலை, என் ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் சேர்த்து விற்றாலும் தேறாது. “கரண்டைச் சுத்தம் பண்ணும் சார், பாஸ் இறங்கி அடிக்கும்” என்றார் விற்பனையாளர். 184 வந்தால் 230 ஆக்குமா என்று கேட்டேன். “அதுக்கு முன்னாடி ஒரு ஸ்டெபிலைசர் போட்டுக்கணும் சார்.”

அதாவது, வண்டியே ஓடாதவனுக்கு வாசனைத் திரவியம் விற்கிறார்கள். அந்த மாதிரிப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் இருப்பது சில சுருள்கள், கெபாசிட்டர்கள், மின்னலடிக்கு ஒரு தடுப்பு. உயர் அதிர்வெண் இரைச்சலை வடிகட்டும், உண்மைதான். ஆனால் வோல்டேஜைத் தூக்கிப் பிடிக்காது, தங்கள் ஐந்து கட்டையையும் அடக்காது.

என்னிடம் இருந்தது ஐயாயிரம் ரூபாய். முதலில் எர்த் குழியைத் திறந்தேன். கரியும் உப்பும் போட்டு மூடியதோடு சரி, கோடையில் காய்ந்து கிடந்தது. தண்ணீர் ஊற்றியதற்குச் செலவில்லை. ஃபேன் ரெகுலேட்டரும் ஃபிரிட்ஜும் இருக்கும் ஒயரிலிருந்து ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து, மெயின் போர்டிலிருந்தே தனி ஒயர் இழுக்கச் சொன்னேன். (சத்தம் குறையும் என்று மூன்றாவது பின்னை உடைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுக்குப் போனால் ஆம்ப்ளிஃபயரைத் தொடாதீர்கள்.) கேபிள் டிவி ஒயரைக் கழற்றியதும் பாதி ரீங்காரம் போய்விட்டது. கேபிள்காரருக்குத் தனிக் கடிதம் எழுதுகிறேன்.

மீதிப் பணத்தில் ஒரு ரிலே ஸ்டெபிலைசர். மோட்டார் வைத்து நகர்த்தும் சர்வோ வகை தட்டாமல் சீராகச் சரிசெய்யும், ஆனால் என் கைக்கு எட்டாது. வோல்டேஜ் மிஞ்சினால் தானே துண்டிக்கும் ‘ஹை கட்-ஆஃப்’ இருப்பதாகப் பார்த்து வாங்கினேன். கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரை வரக்கூடும். கண்சிமிட்டும் நேர அடியைத் தாங்கும் சர்ஜ் புரொடெக்டர், அந்த 400 நீடித்தால் தானே எரிந்துபோகும். ரிலேவுக்கு ஒரு பழக்கம்: தாங்கள் இறங்கும்போதெல்லாம் ‘டக்’ என்று தட்டும். நேற்று ஆலாபனை ஒன்றில், தாளமே இல்லாத இடத்தில், மூன்று தட்டு விழுந்தது.

விண்ணப்பம் இதுதான். எங்கள் டிரான்ஸ்பார்மரின் மூன்று ஃபேஸிலும் வீடுகளைச் சமமாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். இயலாதென்றால் ஸ்டெபிலைசரின் விலையை அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளுங்கள். யூனிட் கணக்கில் ஒரு புள்ளிகூடத் தவறாத அலுவலகத்துக்கு இது பெரிய கணக்கல்ல.

ஆய்வுக்கு வருவதானால் மாலை ஏழு மணிக்கு வாருங்கள். காலை பதினொன்றுக்கு வந்தால் மீட்டர் 228 காட்டும், ‘குறை ஏதும் இல்லை’ என்று எழுதி என்னிடமே கையெழுத்து வாங்கிப் போய்விடுவீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மின் நுகர்வோர்

நகல்: லைன்மேன் அண்ணனுக்கு, தகவலுக்காக.